கணேசனுக்குக் கீழே போன கண்ணன்

கைபேசியில் தொடர்புகளைத் திறந்தால் பெயர்கள் ஒழுங்காக நிற்கின்றன. அ என்ற தலைப்பின் கீழே அம்மா, அருள், அன்பு. க என்ற தலைப்பின் கீழே கண்ணன், கமலா, குமார். விரலால் தள்ளும்போது தலைப்பு மட்டும் மேல் விளிம்பில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த தலைப்பு வந்து முட்டியதும் இடத்தை விட்டுக்கொடுக்கிறது. இதைப் பார்க்கிறவர்கள் போனுக்குள்ளேயும் பெயர்கள் இப்படித்தான் அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணிக்கொள்வது இயல்பு.

ஆனால் செயலி எழுதுகிறவர்கள் பெயர்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ள விரும்பி எடுக்கும் கட்டமைப்பில் வரிசை என்ற ஒன்றே கிடையாது. அதற்கு டிக்ஷனரி என்று பெயர். ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும், அவ்வளவுதான் அதன் வேலை. ‘லதா’ என்று கேட்டால் லதாவின் எண் உடனே வரும். பத்துப் பெயர் இருந்தாலும் பத்து லட்சம் பெயர் இருந்தாலும் பதில் வரும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். ‘லதாவுக்கு அடுத்தவர் யார்?’ என்று கேட்டால் மட்டும் அது விழிக்கும். வேகத்துக்காக அது கொடுத்த விலை அந்த ‘அடுத்தது’. திரையில் நாம் காணும் பட்டியல் முழுக்க முழுக்க ‘அடுத்தது’களால் ஆனது. விற்ற பொருளை யாரோ திரும்ப வாங்கிவர வேண்டியிருக்கிறது. எந்தக் கடையில், யார் சொன்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்பதில்தான் வேடிக்கை இருக்கிறது.

முதலில் வரிசை எப்படித் தொலைகிறது என்று பார்ப்போம். ஐபிஎம் நிறுவனத்தில் வேலை செய்த ஹான்ஸ் பீட்டர் லூன், 1953 ஜனவரியில் அலுவலகத்துக்குள் சுற்றுக்கு விட்ட ஒரு குறிப்பில் இந்த யோசனையை எழுதினார். ஜெர்மனியில் பிறந்தவர். துணியில் இழைகளை எண்ணும் கருவி ஒன்றைச் செய்து பெயர் வாங்கியவர். கிரெடிட் கார்டின் கடைசி இலக்கம் அதற்கு முந்தைய இலக்கங்களோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்கும் கணக்கும் அவருடையதுதான். அவருடைய யோசனை இது: தேடும் பொருளின் மீதே ஒரு கணக்குப் போடு, வரும் விடையையே அது இருக்க வேண்டிய பெட்டியின் எண்ணாக வைத்துக்கொள். பிறகு தேட வேண்டியதே இல்லை. மறுபடி அதே கணக்கைப் போட்டால் பெட்டி எண் வந்துவிடும்.

தமிழ்ப் பெயர்களை வைத்து நாமே இதைச் செய்து பார்த்துவிடலாம். யூனிகோடு முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் உண்டு. க 2965, த 2980, ம 2990, ல 2994, துணைக்கால் 3006. எண்களைக் கூட்டி, 7 பெட்டிகள் இருப்பதாக வைத்து, 7ஆல் வகுத்து மீதியை எடுப்போம். லதா என்பது ல, த, துணைக்கால். கூட்டினால் 8980, மீதி 6. மாலாவின் கூட்டல் 11996, மீதி 5. கமலாவின் கூட்டல் 11955, மீதி மறுபடியும் 6. ஆக, மாலா ஐந்தாம் பெட்டியிலும், லதாவும் கமலாவும் ஆறாம் பெட்டியிலும் போய் உட்காருகிறார்கள்.

ஒரே பெட்டியில் இருவர் வருவது தவிர்க்க முடியாதது. அறையில் 23 பேர் இருந்தால் அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்ற பழைய கணக்கு இங்கும் செல்லும். 365 பெட்டிகள் இருந்தாலும் 23 பெயர்களிலேயே மோதல் எதிர்பார்க்க வேண்டியதுதான். மோதினால் அந்தப் பெட்டிக்குள் ஒரு சிறு பட்டியல் போட்டுக்கொள்ளலாம் என்று லூன் சொல்லிவிட்டார். நாம் போட்ட கூட்டல் கணக்கு மோசமான கணக்கு என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எழுத்துகள் எந்த முறையில் வந்தன என்பது அதற்குத் தெரியாது. ‘மரா மரா’ என்று ஜபித்து ‘ராம’வில் போய்ச் சேர்ந்த வேடனின் கதை நமக்குத் தெரியும். இந்தக் கூட்டலைப் பொறுத்தவரை அவர் ஜபம் தொடங்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார், ஏனென்றால் மராவும் ராமவும் எப்போதும் ஒரே பெட்டிதான். நிஜமான நிரல்களில் எழுத்தின் இடத்தையும் சேர்த்துக் கலக்கிவிடும் கணக்குகள் பயன்படுகின்றன.

இப்போது பெட்டிகளை முதலிலிருந்து கடைசி வரை திறந்துகொண்டே போனால் கிடைக்கும் வரிசை மாலா, லதா, கமலா. அகரவரிசைப்படி கமலா, மாலா, லதா என்று இருக்க வேண்டும். சரி, ஏதோ ஒரு வரிசை, அதாவது நிலையாக இருக்கும் அல்லவா? அதுவும் இல்லை. பெயர்கள் கூடக்கூட டிக்ஷனரி தன் பெட்டிகளின் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்ளும். 7 பெட்டி 11 ஆனதாக வைத்துக்கொள்வோம். அதே கூட்டல்களை 11ஆல் வகுத்தால் லதாவுக்கு மீதி 4, மாலாவுக்கு 6, கமலாவுக்கு 9. வரிசை இப்போது லதா, மாலா, கமலா. யாரும் யாருடைய பெயரையும் மாற்றவில்லை, ஒருவரை நீக்கவும் இல்லை. இடம் பெரிதானது, அவ்வளவுதான்.

இதற்கு மேலும் ஒரு குழப்பம் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் அலெக்சாண்டர் கிளிங்க், யூலியான் வெல்டே என்ற இருவர் ஒரு தாக்குதலை விளக்கினார்கள். எல்லாமே ஒரே பெட்டியில் போய் விழும்படி பொறுக்கி எடுத்த சாவிகளை ஓர் இணையச் சேவையகத்துக்கு அனுப்பினால், அது அந்த ஒற்றைப் பெட்டிக்குள் துழாவியே மூச்சுத்திணறிப் போகும். பல மொழிகளின் கணக்குகள் வெளியில் எல்லோருக்கும் தெரிந்தவையாக இருந்ததால் அப்படிப்பட்ட சாவிகளை முன்கூட்டியே தயாரித்துக்கொள்ள முடிந்தது. மாற்று மருந்து, கணக்குக்குள் ஒரு ரகசிய எண்ணைப் போட்டுக் கலப்பது. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி, 2018இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து, செயலியை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிய ரகசிய எண்ணை எடுத்துக்கொள்கிறது. காலையில் திறந்தபோது டிக்ஷனரி தந்த வரிசை மாலையில் திறக்கும்போது வராது. கூகுளின் கோ மொழி இன்னும் ஒரு படி மேலே போய், வரிசையை நம்பி யாரும் நிரல் எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு சுற்றிலும் எங்கிருந்து தொடங்குவது என்பதைக் குலுக்கிப்போடுகிறது. பைத்தான் நேர் எதிராக முடிவெடுத்தது. 3.7 பதிப்பிலிருந்து, போட்ட வரிசையிலேயே எடுத்துத் தருவேன் என்று உறுதி கொடுத்தது. எனக்கு கோ மொழியின் கறார்தான் பிடித்திருக்கிறது. இல்லாத ஒன்று இருப்பதுபோல் தோன்றுவதுதான் நிரலில் மிக ஆபத்தான நிலை.

அந்த ஆபத்து கைபேசித் திரையில் எப்படி வெளிப்படுகிறது? ஐபோனில் 2008இலிருந்தே உள்ள அட்டவணைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். அது செயலியிடம் கேட்பவை மிக எளிய கேள்விகள். மொத்தம் எத்தனை பிரிவுகள்? இந்தப் பிரிவில் எத்தனை வரிகள்? மூன்றாம் பிரிவின் ஐந்தாம் வரியில் என்ன எழுத? எல்லாம் எண்களால் ஆன கேள்விகள். டிக்ஷனரிக்கோ எண்ணே தெரியாது, பெயரைச் சொன்னால்தான் வாயைத் திறக்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் இங்கே எடுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. டிக்ஷனரியின் சாவிகளை அப்படியே ஒரு பட்டியலாகக் கொட்டி, மூன்றாவதாகக் கிடைத்ததை மூன்றாம் பிரிவு என்று வைத்துக்கொள்வது. ஓடவும் செய்யும். ஆனால் தலைப்புகள் ம, அ, வ, க என்று சிதறி வரும். அடுத்த முறை திறந்தால் வேறு மாதிரிச் சிதறும். சோதனைக்குப் போட்ட இரண்டு மூன்று பெயர்கள் தற்செயலாகச் சரியான வரிசையில் வந்துவிட்டால் இன்னும் மோசம், கோளாறு பயனாளர் கைக்குப் போன பிறகே தெரியவரும்.

சரியான வழி சாவிகளைத் தனியே எடுத்து, ஒருமுறை வரிசைப்படுத்தி, அந்த வரிசையை ஒரு பட்டியலாகப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. மூன்றாம் பிரிவு எது என்று கேட்டால் பட்டியலில் மூன்றாவதைப் பார்; அது ‘ச’ என்றால், டிக்ஷனரியிடம் ‘ச’ கொடுத்துப் பெயர்களை வாங்கு. எண்ணிலிருந்து எழுத்து, எழுத்திலிருந்து பெயர்கள் என்று இரண்டு தாவல்கள். போனில் நாம் பார்க்கும் பிரிவுப் பட்டியல்கள் பலவற்றின் அடியில் ஏதோ ஒரு வடிவில் இந்த இரண்டு தாவல்கள் இருக்கும்.

பெயர்களை எழுத்துவாரியாகப் பிரித்து டிக்ஷனரியில் போடுவது இன்று ஒரே வரி வேலை. 2017இல் வந்த ஸ்விஃப்ட் 4இல், பெயர்களையும் ‘எதை வைத்துப் பிரிப்பது’ என்ற விதியையும் கொடுத்தால் குழுக்களாகவே டிக்ஷனரி கிடைத்துவிடும். வேலை ஒரு வரிதான், அதில் அந்த ‘எதை வைத்து’ என்பதை முடிவு செய்வதில்தான் மனிதர்கள் நூற்றாண்டுகளைச் செலவழித்திருக்கிறார்கள். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் 12 தொகுதிகள். முதல் பத்தும் பொருளை வைத்துப் பிரித்தவை: தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரத்தின் பெயர், இடத்தின் பெயர் என்று போகும். பதினோராவது தொகுதியில் ஒரு சொல்லின் பல பொருள்கள், அங்கே பிரிக்கும் விதி எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து. மனப்பாடம் செய்கிறவருக்கு எதுகைதான் கைப்பிடி என்பதால் அது மிகச் சரியான தேர்வு. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு முதல் எழுத்துக்கு மாறியது. ஓலையில் தேடிப் பார்க்கிறவருக்கு அதுவே வசதி. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் ஒரே நூலுக்குள் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு விதமாகப் பிரித்தார். இன்றைய செயலிகளில் பெயர்வாரி, தேதிவாரி என்று மாற்றிப் பார்க்கப் பொத்தான் வைக்கிறார்களே, ஏறக்குறைய அந்த வசதி.

கைபேசியில் முதல் எழுத்து என்றே வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அதைப் பற்றிப் பேச எதுவுமில்லை, 26 எழுத்து, 26 தலைப்பு. தமிழில் ‘கொடி’ என்ற சொல்லின் முதல் எழுத்து எது? க என்பீர்களா, கொ என்பீர்களா? நிரல்மொழிகளும் இதில் ஒத்துப்போகவில்லை. ஜாவாவிடமோ பைத்தானிடமோ கேட்டால் க என்று சொல்லும், கொம்பும் காலும் அடுத்த குறியாக நிற்கும். ஸ்விஃப்டிடம் கேட்டால் கண்ணுக்குத் தெரிவதுபோலவே கொ என்று முழு எழுத்தைத் தரும். தமிழ் எழுத்து என்ற கணக்கில் ஸ்விஃப்ட் சொல்வதுதான் சரி. ஆனால் அதை அப்படியே தலைப்பாக வைத்தால் க, கா, கி, கீ, கு, கூ என்று ககரத்துக்கே 12 பிரிவுகள் வந்துவிடும். இரண்டு பெயருக்கு ஒரு தலைப்பு என்று பட்டியல் தலைப்பாகவே நீளும். அகராதிச் செயலிக்கு அது பொருந்தலாம், அங்கே ககரத்தில் மட்டும் ஆயிரக்கணக்கில் சொற்கள் இருக்கும். முந்நூறு பெயர் உள்ள தொடர்புப் பட்டியலுக்கு உயிர் 12, மெய்வரிசை 18, கூடவே ஜ, ஷ, ஸ, ஹ என்று வைப்பதே போதும். ஸ்விஃப்டில் எழுதுகிறவர் முழு எழுத்தை வாங்கி, அதிலிருந்து அடிப்படை மெய்வரிசையைத் தாமே பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

கொ விஷயத்தில் ஒளிந்திருக்கும் இன்னொரு பள்ளத்தையும் சொல்லிவிட வேண்டும். அதன் உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. இரண்டும் ஒன்றே என்பது யூனிகோடின் விதி. ஸ்விஃப்ட் அந்த விதியை மதித்து இரண்டையும் ஒரே சாவியாகப் பார்க்கிறது. பல மொழிகள் எண்களை மட்டும் ஒப்பிட்டு வேறு வேறு என்று சொல்லிவிடும். அப்போது பட்டியலில் ‘கொ’ என்றே இரண்டு தலைப்புகள் வந்து நிற்கும், கண்ணுக்கு அச்சு அசலாக ஒன்று. டிக்ஷனரிக்குக் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது.

அடுத்து முன்னெழுத்து. எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர்., என்.எஸ். கிருஷ்ணன், எஸ்.எஸ். வாசன் எல்லோரையும் முதல் எழுத்தை வைத்துப் பிரித்தால் எல்லோரும் ‘எ’யின் கீழ் வருவார்கள். ஆங்கில எழுத்தின் பெயரைத் தமிழில் எழுதும்போது எஃப், எச், எல், எம், என், எஸ், எக்ஸ் என்று 26இல் ஏழு எகரத்தில் தொடங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவரின் மாணவர் பட்டியலை இப்படிப் பிரித்தால் எகரம் வீங்கிப் போய் நிற்கும், மற்றவை இளைத்துப் போகும். முன்னெழுத்தைத் தாண்டிச் சென்று பெயரின் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி. எம்.ஜி.ஆர். மாதிரி முன்னெழுத்தே பெயராகிவிட்டவர்களுக்கு விதிவிலக்கு வேண்டியிருக்கும், அதை எந்தக் கணக்காலும் ஊகிக்க முடியாது. ஜப்பானியர்கள் இதே மாதிரிச் சிக்கலை வேறு திசையிலிருந்து சந்தித்தார்கள். அவர்களுடைய சித்திர எழுத்தில் எழுதிய பெயரைப் பார்த்து அது எப்படி உச்சரிக்கப்படுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் தொடர்புப் பதிவில் உச்சரிப்புக்கென்று தனி இடம் வைத்து, வரிசைக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். காட்டுவதற்கு ஒரு பெயர், வரிசைக்கு ஒரு பெயர். தமிழ்ச் செயலிகளுக்கும் அது உதவும்.

இப்போது தலைப்புகளை வரிசைப்படுத்துவோம். யூனிகோடு எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் என்ன? தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்களில் எழுத்துகளை, இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வகுத்த பழைய இந்தியக் குறியீட்டு முறையை ஒட்டி அமைத்தார்கள். அதன்படி நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம், பிறகு ல, ள, ழ, வ. நாம் பள்ளியில் படித்தது ய ர ல வ ழ ள ற ன. ஆக, எண்வரிசை தவறு. ஆனால் தலைப்புகளைப் பார்த்தால் இந்தத் தவறு தெரியாது! இடம் மாறி நிற்கும் ழ, ள, ற, ன நான்கும் தமிழில் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. க, ச, த, ந, ப, ம, ய, ர, ல, வ என்று தலைப்புகள் அழகாக வந்துவிடும். சகரத்தை அடுத்து ஜகரம் நுழைந்திருப்பதைத் தவிர வேறு உறுத்தல் இராது. செயலி எழுதியவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று அனுப்பிவிடுவார்.

கோளாறு தலைப்புக்கு உள்ளே இருக்கிறது. கண்ணன், கணபதி, கணேசன் என்பதுதான் தமிழ் அகரவரிசை. மெய் முதலில் வரும், பிறகு உயிர்மெய்; ண் வந்த பிறகே ண. யூனிகோடிலோ புள்ளி என்பது ணகரத்துக்குப் பின்னால் வரும் தனிக் குறி, அதன் எண் எல்லா உயிர்க்குறிகளின் எண்ணையும்விடப் பெரிது. எனவே எண்வரிசையில் கணபதி முதலில், கணேசன் அடுத்து, முதலில் நிற்க வேண்டிய கண்ணன் கடைசியில். இதேபோல மல்லிகாவுக்கு முன்னால் மலர் வந்துவிடும். மனோகர், மயிலுக்கும் மலருக்கும் முன்னால் போய் நின்றுகொள்வார். வேகமாகப் புரட்டுகிறவர் கண்ணனைத் தன் வழக்கமான இடத்தில் தேடிவிட்டு, பெயர் அழிந்துபோய்விட்டது என்றே நினைத்துவிடக்கூடும்.

இது தமிழுக்கு மட்டும் வந்த தலைவலி அல்ல. ஜெர்மனியில் மேலே இரட்டைப் புள்ளி வைத்த உயிரெழுத்துக்கு அகராதியில் ஓரிடம், தொலைபேசிப் புத்தகத்தில் வேறிடம். இரண்டுக்கும் தனித்தனித் தர விதியே உண்டு. ஸ்பானிய மொழியில் சி-யும் எச்-சும் சேர்ந்த கூட்டெழுத்து தனி எழுத்தாக, தனித் தலைப்போடு அகராதிகளில் இருந்துவந்தது. 1994இல் மொழிக் கழகங்கள் கூடி அந்தத் தனித் தலைப்பை எடுத்துவிட்டன. ஆக, வரிசை என்பது எழுத்தின் எண்ணில் இருப்பதல்ல, ஒரு சமூகம் ஒத்துக்கொண்ட ஏற்பாடு. அதனால்தான் யூனிகோடு அமைப்பு எழுத்துகளுக்கு எண் கொடுப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு மொழிக்குமான வரிசை விதிகளைத் தனியாகத் தொகுத்து வைத்திருக்கிறது. புள்ளி வைத்த மெய்யை உயிர்மெய்க்கு முன்னால் வைக்கும் விதியோடு தமிழுக்கான தொகுப்பும் அதில் உண்டு. ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இது உள்ளேயே இருக்கிறது. நிரலாளர் செய்ய வேண்டியதெல்லாம் ‘தமிழ் முறைப்படி ஒப்பிடு’ என்று சொல்வது. சொல்லாவிட்டால் அது போனின் மொழியைப் பின்பற்றும். நம்மில் எத்தனை பேர் போனை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு பெயர்களைத் தமிழில் எழுதுகிறோம்! அவர்களுக்கு அந்தத் தமிழ் விதிகள் கிடைக்காமல் போகலாம்.

விதி தெரிந்து ஒப்பிடுவது எண்ணை எண்ணோடு ஒப்பிடுவதைவிட அதிக வேலை. ஆயிரம் பெயர்களை வரிசைப்படுத்த ஏறத்தாழ பத்தாயிரம் ஒப்பீடுகள் ஆகும். அதை எப்போது செய்வது என்பதும் முக்கியம். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால் ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது 16.7 மில்லி நொடி. புதிய போன்களில் 120 முறை, கிடைப்பது 8.3 மில்லி நொடி. ஒரு வரி திரைக்குள் நுழையும் அந்த நேரத்துக்குள் செயலி பதில் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் சாவிகளை மறுபடி மறுபடி வரிசைப்படுத்துகிற நிரல்கள் உண்டு, அவைதான் விரல் தள்ளும்போது திக்கித் திக்கி நகர்பவை. முன்பே ஒருமுறை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டால் போதும்.

ஆயிரம் பெயர் இருந்தாலும் திரையில் ஒரு நேரத்தில் தெரிவது ஒரு டஜன் வரிகள்தான். எனவே போன் ஆயிரம் வரிகளை வரைந்து வைப்பதில்லை. ஒரு டஜனுக்குச் சற்றுக் கூடுதலாகச் செய்துகொண்டு, மேலே மறைந்த வரியை எடுத்துக் கீழே புதிய பெயரோடு மறுபடி விடுகிறது. ஐபோன் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் செய்கிறது. ஆண்ட்ராய்டில் 2014இல் வந்த புதிய பட்டியல் கருவி இந்த மறுபயன்பாட்டை நிரலாளருக்குக் கட்டாயமாக்கியது. சாப்பாட்டு மெஸ்ஸில் தட்டு சுழல்வதைப் போன்ற ஏற்பாடு, கழுவாமல் திரும்பி வந்த தட்டின் தொல்லையும் இதில் உண்டு. பழைய வரியில் இருந்த படத்தைத் துடைக்காமல் புதிய பெயரைப் போட்டால், வேகமாகத் தள்ளும்போது வசந்தியின் பெயருக்குப் பக்கத்தில் முருகனின் முகம் ஒரு கணம் தோன்றி மறையும்.

பட்டியல் திறந்திருக்கும்போதே ஒரு பெயர் சேர்ந்தாலோ நீங்கினாலோ என்ன ஆகும்? பல ஆண்டுகளாக ஐபோன் நிரலாளர்களைத் தூங்கவிடாத கேள்வி இது. ‘இரண்டாம் பிரிவில் நான்காம் வரியை நீக்கு’ என்று அட்டவணையிடம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அது மறுபடி எண்ணிப் பார்க்கும். நீக்குவதற்கு முன் ஆறு, நீக்கியது ஒன்று, இப்போது ஐந்து இருக்க வேண்டும். கணக்கு உதைத்தால் செயலியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். ஒரு பிரிவில் இருந்த கடைசிப் பெயரை நீக்கினால் பிரிவே போய்விடும், அப்போது அதற்குக் கீழே உள்ள எல்லாப் பிரிவுகளின் எண்ணும் ஒன்று குறையும். இதைக் கையால் கணக்கிட்டு ஒருமுறைகூடத் தவறாமல் எழுதியவரை நான் சந்தித்ததில்லை.

2019இல் ஆப்பிள் இந்த முறையையே மாற்றியது. இப்போது எந்த வரி எங்கே போனது என்று செயலி சொல்ல வேண்டாம். பட்டியல் முடிவில் எப்படி இருக்க வேண்டும் என்று முழுதாக ஒருமுறை கொடுத்தால் போதும், பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு எது வந்தது, எது போனது, எது இடம் மாறியது என்று கருவியே கண்டுபிடித்துக்கொள்ளும். கண்டுபிடிப்பதற்கு ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளம் வேண்டும், அந்த அடையாளம், பெட்டி எண்ணைத் தரும் ஹாஷ் என்ற கணக்குக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. லூன் எழுதிய அதே பெட்டிக் கணக்கு இப்படிப் பட்டியலுக்கு உள்ளேயே திரும்பி வந்துவிட்டது. எண்களால் மட்டுமே பேசிக்கொண்டிருந்த அட்டவணை, வரிகளை அடையாளத்தால் அறியத் தொடங்கியது.

அடையாளமாகப் பெயரையே வைத்துக்கொண்டவர்கள் உடனே அடி வாங்கினார்கள். நம் ஊர்ப் போன் எதிலும் ஒரு குமாரோடு நிற்பதில்லை. அலுவலகத்துக் குமார், பைப் வேலை பார்க்கும் குமார், கூடப் படித்த குமார் எல்லோரும் வெறும் ‘குமார்’ என்றே பதிவாகியிருந்தால், ஒரே அடையாளம் இரண்டு முறை வருகிறது என்று கருவி செயலியை நிறுத்திவிடும். எனவே ஒவ்வொரு தொடர்புக்கும் பெயரோடு சம்பந்தமில்லாத, மாறாத ஓர் எண்ணை வைப்பதே வழக்கமானது. இப்போது ஒரே மனிதருக்கு மூன்று விஷயங்கள்: திரைக்கு ஒரு பெயர், வரிசைக்கு ஒரு பெயர், அடையாளத்துக்கு ஓர் எண்.

மாலா மருத்துவப் படிப்பை முடித்துவிட்டார் என்று அவருடைய பதிவை ‘டாக்டர் மாலா’ என்று மாற்றுகிறீர்கள். செயலி தலைப்பை முதல் எழுத்தை வைத்து எடுப்பது என்றால், மகரத்தில் இருந்த ஒரே பெயர் அவருடையது என்றால், நடப்பது இது. அடையாள எண் மாறவில்லை, ஆகவே கருவிக்கு அவர் புதியவர் அல்ல, இடம் மாறியவர். டகரத்தில் இதுவரை யாரும் இல்லை, தமிழ் இலக்கணப்படி இருக்கவும் கூடாது. ஆனாலும் சகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் ‘ட’ என்று ஒரு தலைப்பு திறந்துகொள்கிறது, மாலாவின் வரி மேலேறி அதன் கீழே போய் அமர்கிறது, ‘ம’ என்ற தலைப்பு சுருங்கி மறைகிறது, யகரம் இருந்த இடத்திலேயே நிற்கிறது.